வேண்டாம் என்றுதான் சொன்னேன்

இல்லை அக்கா, அவர் குடித்திருக்கவில்லை. டயாலிசிஸ் முடிந்து வருகிறார். முகம் வெளிறி, கண் சொருகி, ஜன்னல் கம்பியில் சாய்ந்து கிடப்பதைப் பார்த்தால் எல்லாருக்கும் அப்படித்தான் தோன்றும். நீங்கள் சேலையை இழுத்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்ததை நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. போன மாதம் ஒரு கண்டக்டர், "வயசுப் பிள்ளையக் கூட்டிக்கிட்டு வர்றோமேங்கிற நெனப்பு வேணாமாய்யா?" என்று அப்பாவைத் திட்டினார். அப்பாவுக்குக் கோபமே வராது. "தப்புத்தான் தம்பி, நாளையிலேருந்து கம்மியாக் குடிக்கிறேன்" என்றார். அதுவும் உண்மைதான் அக்கா. தண்ணீரையே அவர் அளந்துதான் குடிக்க வேண்டும்.

நன்றாக உள்ளே தள்ளி உட்காருங்கள். மூன்று பேர் சீட்டுதானே. நான் நடுவில் ஒடுங்கிக்கொள்வேன். அப்பா எழுந்திருக்க மாட்டார். மதுரையில் ஏறினதும் தூங்கினால் எங்கள் ஊர் வந்த பிறகு நான் தட்டித்தான் எழுப்புவேன்.

எத்தனை நாளாக இப்படி என்றா கேட்டீர்கள்? நாள் கணக்கெல்லாம் நான் வைத்துக்கொள்வதில்லை. வாரத்துக்கு இரண்டு தடவை மதுரை. விடியும் முன்பே கிளம்பிப் போய், மெஷினில் நாலு மணி நேரம் படுத்திருந்து, இந்தப் பஸ்ஸில் திரும்புவோம். சிகிச்சைக்குக் காசு வாங்குவதில்லை. அரசாங்கக் காப்பீட்டு அட்டை இருக்கிறது, அந்த அட்டைக்கு மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் செய்கிறார்கள். நல்லவர்கள், குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் இந்தப் பஸ் இருக்கிறதே. ரத்தத்தைச் சுத்தம் பண்ணி முடித்ததும் உடம்பில் ஒன்றும் இருக்காது அக்கா, துணியைப் பிழிந்து போட்ட மாதிரி இருக்கும். அந்த உடம்பை ஒவ்வொரு வேகத்தடையிலும் தூக்கிப் போட்டுக்கொண்டு வர வேண்டும். மதுரை டாக்டர் போன தடவை என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அப்பாவோட இதயம் பலவீனமாயிட்டு வருது. இந்த அலைச்சல் தாங்காது. உங்க ஊர்லயே பாத்துக்குங்க" என்றார். நான் தலையாட்டிவிட்டு வந்தேன்.

எங்கள் ஊரில் இருக்கிறது அக்கா. அதைத்தான் சொல்ல வருகிறேன். எங்கள் வீட்டிலிருந்து பெரியாஸ்பத்திரி கூப்பிடு தூரம். அங்கே டயாலிசிஸ் வார்டு இருக்கிறது, மெஷின் இருக்கிறது, எல்லாம் இலவசம். அப்பாவுக்கு அங்கே இடமும் கிடைத்தது.

கிடைத்தது. அதை நான் விட்டுக்கொடுத்துவிட்டேன் என்று ஊரெல்லாம் சொல்கிறார்கள்.

நான் யாரிடமும் இப்படிப் பேசுவதில்லை. தெரிந்தவர்கள் முன்னால் எனக்கு வாய் வராது. தெரியாதவர்கள் என்றால் கொஞ்சம் வரும். நீங்கள் இறங்கிப் போய்விடுவீர்கள் அல்லவா, அதனால். சின்னதிலிருந்தே நான் அப்படித்தான். கல்லூரியில் வருகைப் பதிவு எடுக்கும்போது "உள்ளேன் அம்மா" என்று நான் சொல்வது எனக்கே கேட்காது. நான் உட்கார்ந்திருக்கவே எனக்கு ஆப்சென்ட் விழும். கடைசி வருஷம் நாள் போதவில்லை, பரீட்சை எழுத விட மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். பக்கத்து பெஞ்சு மும்தாஜ்தான் எழுந்து நின்று, "இவ தினமும் வர்றா மேடம், சத்தம்தான் வர்றதில்ல" என்றாள். வகுப்பே சிரித்தது. ஆனால் எழுத விட்டார்கள். பி.எஸ்சி. கணிதம். முதல் வகுப்பு.

அப்பா எனக்கு நேர் எதிர். பெயர் கதிரேசன். பஸ் ஸ்டாண்டு எதிரில் பஞ்சர் கடை வைத்திருந்தார். டியூபைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டே வண்டிக்காரரின் பூர்வீகம் முழுவதையும் விசாரித்துவிடுவார். சர்க்கரை இருந்தது, கவனிக்கவில்லை. கால் வீங்கியது, கவனிக்கவில்லை. கடைசியில் மூச்சு வாங்கி பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனபோது, இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது என்றார்கள். அம்மாவுக்குக் கண் சரியாகத் தெரியாது, வெளியே வர முடியாது. நான்தான் எல்லாம்.

அந்த வார்டில் மெஷின் கொஞ்சம், ஆள் நிறைய. ஒருவருக்கு இடம் கொடுத்துவிட்டால் அந்த இடம் அவருக்குத்தான், வாரம் இரண்டு தடவை, தொடர்ந்து. கூடுதலாக இன்னொரு ஷிப்ட் போட ஆள் இல்லை. அதனால் வெளியே காத்திருப்பவர்கள் காத்திருக்க வேண்டியதுதான். இடம் எப்படிக் காலியாகும் என்று அங்கே யாரும் கேட்க மாட்டார்கள். "காலியாயிருக்கு" என்று மட்டும் சொல்வார்கள். அதற்கு மேல் பேச்சு இருக்காது. அதுவரைக்கும் மதுரைக்குப் போய்க்கொண்டிருங்கள் என்று அப்பாவை அனுப்பினார்கள்.

இதில் அநியாயம் ஒன்றுமில்லை அக்கா. அந்த வார்டு டாக்டர் அம்மா ரொம்ப நேர்மையானவர். வந்த வரிசைதான் அவருக்கு. ஒரு தடவை கவுன்சிலர் ஒருவர் தன் மாமாவைக் கூட்டிக்கொண்டு வெள்ளைச் சட்டையோடு உள்ளே போனார். டாக்டர் அம்மா நாற்காலியை விட்டு எழுந்திருக்கக்கூட இல்லையாம். "உங்க மாமாவுக்கு முந்தி வந்தவங்க வெளிய பெஞ்சுல உக்காந்திருக்காங்க. நீங்களும் போயி அவங்க பக்கத்துல உக்காருங்க" என்றாராம். அவர் நிஜமாகவே வந்து பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தார். அந்தக் கதையை வள்ளிக்கண்ணு அக்கா வாரக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தார். கவுன்சிலர் சட்டைக் கஞ்சி பெஞ்சில் ஒட்டிக்கொண்டது என்று ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒன்றைச் சேர்ப்பார்.

வள்ளிக்கண்ணு அக்கா யார் என்று சொல்லவில்லையே. அவர் வீட்டுக்காரருக்கு அங்கே ரொம்ப நாளாக இடம் உண்டு. வார்டுக்கு வெளியே இருக்கிற அந்தத் தாழ்வாரம் முழுக்க வள்ளிக்கண்ணு அக்கா ராஜ்ஜியம்தான். யார் டீ வாங்கப் போவது, யார் பையை யார் பார்த்துக்கொள்வது, யார் வீட்டு ரசம் யாருக்கு, எல்லாம் அவர்தான். நல்ல மனசு. குரல்தான் மைக் மாதிரி.

அப்பா முறை வந்தது. ஒரு நாள் காலை அந்த வார்டு நர்ஸ் பிலோமினா சிஸ்டர் எனக்குப் போன் பண்ணி, "காலியாயிருக்கும்மா, அடுத்தது உங்க அப்பாதான், கூட்டிட்டு வா" என்றார். அப்பா சட்டை மாற்றிக்கொண்டு, தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவிக்கொண்டு கிளம்பினார். "உள்ளூர் மாப்பிள்ளையாயிட்டேன், இனிமே மதுரைக்காரன் என்னையத் தேடட்டும்" என்றார். அவரை ஒரு கட்டிலில் உட்கார வைத்துவிட்டு நான் தாழ்வாரத்துக்கு வந்தேன்.

அங்கே அந்தப் பெண் இருந்தாள். திலகராணி. என்னைவிட ஒன்றிரண்டு வயது பெரியவளாக இருப்பாள். தரையில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்திருந்தாள். மடியில் கைக்குழந்தை, பக்கத்தில் நடக்கிற வயதில் ஒன்று. இரண்டும் பெண். கால் இரண்டும் வாழைத்தண்டு மாதிரி வீங்கியிருந்தன. பிரசவத்துக்குப் பிறகு சிறுநீரகம் கெட்டுவிட்டது என்றார்கள். அவளுக்குக் காப்பீட்டு அட்டை இல்லை. அட்டை வேண்டுமென்றால் ரேஷன் கார்டு வேண்டும். கல்யாணம் ஆகி இத்தனை நாளில் அவள் பெயரைப் பிறந்த வீட்டுக் கார்டிலிருந்து எடுக்கவுமில்லை, புருஷன் வீட்டில் சேர்க்கவுமில்லை. இப்போதுதான் எழுதிப் போட்டிருக்கிறார்களாம். அட்டை இல்லாமல் மதுரையில் செய்ய முடியாது. எங்கள் ஊரில்தான் எதுவும் கேட்காமல் செய்வார்கள். ஆனால் இங்கே இடம் இல்லை. இருக்கிற ஒரு இடம் அப்பாவுக்கு.

எனக்குப் பரிதாபமாக இருந்தது அக்கா. யாருக்குத்தான் இருக்காது? பரிதாபமாக இருப்பது வேறு, அப்பாவின் இடத்தைக் கொடுப்பது வேறு இல்லையா?

முதலில் வள்ளிக்கண்ணு அக்காதான் ஆரம்பித்தார். என் கன்னத்தைத் தொட்டு, "தாயி, உங்க அப்பாருக்கு மதுர இருக்கு. இவளுக்கு என்ன இருக்கு சொல்லு. ரெண்டு பொட்டப் புள்ளைக" என்றார். பக்கத்தில் இருந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். உங்க அப்பா வாழ்ந்து பார்த்தவர் என்றார் ஒருவர். படிச்ச பிள்ளை நீ, உனக்கே தெரியும் என்றார் இன்னொருவர். இதில் படிப்பு எங்கே வந்தது என்று எனக்குப் புரியவில்லை. தாயி என்கிறார்கள், மகளே என்கிறார்கள், தங்கச்சி என்கிறார்கள். இத்தனை உறவு சொல்லிக் கூப்பிட்டால் பதில் சொல்ல வாய் எப்படி வரும்? நான் குழந்தையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சத்தம் கேட்டு டாக்டர் அம்மாவே வெளியே வந்தார். விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். "வரிசையை நான் மாத்த மாட்டேன். கவுன்சிலருக்கும் மாத்தல, கைக்குழந்தைக்காரிக்கும் மாத்தல. ஒருத்தருக்கு மாத்துனா நாளைக்கு எல்லாருக்கும் மாத்தணும்" என்றார். எனக்கு உயிர் வந்தது. உடனே அவர் என் பக்கம் திரும்பி, "ஆனா அவங்களே மனசார விட்டுக்குடுத்தா அது அவங்க விருப்பம். என்னம்மா, உங்க அப்பாவுக்கு வந்த இடத்த இவங்களுக்குக் குடுக்கச் சம்மதமா?" என்று கேட்டார்.

எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள். அந்தச் சின்னக் குழந்தைகூடப் பார்க்கிறது.

நான் தலையை ஆட்டினேன். இப்படி. வலது பக்கம், இடது பக்கம். நீங்களே சொல்லுங்கள் அக்கா, இது இல்லை என்பதுதானே? அப்பாவைக் கேட்காமல் நான் எப்படிச் சொல்வது, அது முடியாது என்று. அதுதான் அதற்கு அர்த்தம். நான் கொஞ்சம் மெதுவாக ஆட்டியிருக்கலாம். கழுத்து கொஞ்சம் சாய்ந்திருக்கலாம். சரி சரி என்பதற்கும் நம் ஊரில் அப்படித்தான் ஆட்டுகிறோம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் படித்த டாக்டருக்கு வித்தியாசம் தெரிய வேண்டாமா? இன்னொரு தடவை கேட்டிருக்கலாம் அல்லவா?

கேட்கவில்லை. "ரொம்பப் பெரிய மனசும்மா" என்று சொல்லி என் தோளைத் தட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் ஒரே வேகம். வள்ளிக்கண்ணு அக்கா என் முகத்தை வழித்துத் தன் நெற்றியில் வைத்து நெட்டி முறித்தார். விரல் எல்லாம் படபடவென்று முறிந்தது, எனக்கு அவ்வளவு திருஷ்டி இருக்கிறதாம். திலகராணி எழுந்திருக்கப் பார்த்தாள், முடியவில்லை. குழந்தையை எடுத்து என் கையில் கொடுத்தாள். யாரோ எனக்கு ஒரு வாழைப்பழம் கொடுத்தார்கள். ஒரு கையில் குழந்தை, ஒரு கையில் வாழைப்பழம். அந்த நேரத்தில், இல்லை, நான் அப்படிச் சொல்லவில்லை என்று எப்படிச் சொல்வது? நீங்களாக இருந்தால் சொல்லியிருப்பீர்கள். உங்களைப் பார்த்தாலே தெரிகிறது.

அப்பாவிடம் நானே பக்குவமாகச் சொல்லலாம் என்று உள்ளே போனேன். அதற்குள் வள்ளிக்கண்ணு அக்கா போய்ச் சொல்லியாகிவிட்டது. அப்பா கட்டிலில் உட்கார்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். சீவின தலையோடு. என்னைப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் முகம் எப்படி ஆனது தெரியுமா? நான் முதல் வகுப்பில் தேறியபோதுகூட அப்படி ஆகவில்லை. "எம் மக குடுத்தா அது நான் குடுத்த மாதிரித்தான்" என்று வார்டுக்கே கேட்கிற மாதிரி சொன்னார். செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார். வழியில் திலகராணியிடம் போய், "படுத்துக்க தாயி, மெத்தை நல்லாத்தான் இருக்கு, நான் உக்காந்து பாத்துட்டேன்" என்றார்.

மறுநாள் மதுரை பஸ்.

அதிலிருந்து அவர் பார்க்கிறவர்களிடமெல்லாம் இதைத்தான் சொல்கிறார். கடை பாதி நாள் சாத்தித்தான் கிடக்கிறது, திறந்திருக்கிற நாளில் காற்றடிக்க வருகிறவனுக்கும் இந்தக் கதைதான். மதுரை ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில்காரரிடம், "நமக்கு உள்ளூர்லயே இடம் கெடச்சதுங்க. எம் மகதான் ஒரு கைக்குழந்தைக்காரிக்கு விட்டுக்குடுத்துட்டா. பேசத்தான் மாட்டா, செய்யிறது எல்லாம் பெருசு" என்று சொல்வார். மெஷினில் போடும்போது கை வலிக்கும், ஊசி பெரிசு. அப்போதும் இதைச் சொல்லிக்கொண்டிருப்பார். இந்தப் பஸ் படியில் ஏற முடியாமல் நிற்கும்போது, "பெத்த பிள்ள புண்ணியம் பண்ணியிருக்கு, ஏறிருவோம்" என்று ஏறிவிடுவார். இதை எப்படி அக்கா அவரிடம் சொல்வது? நான் கொடுக்கவில்லை அப்பா, தலையாட்டினது தப்பாகிப்போச்சு என்று? ஒரு நாள் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அவர், "அந்தப் பிள்ளை திலகராணி இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டார். நன்றாக இருக்கிறாள் என்று சொன்னேன். நன்றாகத்தான் இருக்கிறாள். கால் வீக்கம் வற்றிவிட்டது. இப்போது கொலுசு போட்டிருக்கிறாள்.

அடுத்த இடம் காலியானால் அப்பாவுக்குத்தான் என்று டாக்டர் அம்மா சொல்லியிருக்கிறார். அதனால் நான் மதுரை போகாத நாட்களில் அந்த வார்டுக்குப் போய் வருவேன். போகாவிட்டால் மறந்துவிடுவார்கள் அல்லவா? சும்மா போய் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். எனக்கென்று ஒரு இடம் வைத்திருக்கிறார்கள், புதிதாக வருகிறவர்களுக்கு என்னைக் காட்டிச் சொல்வார்கள். எனக்கு அதெல்லாம் பிடிக்காது, நடந்ததைச் சொல்கிறேன்.

எல்லார் உடம்பையும் பற்றி விசாரிப்பேன். கண்ணாடிக் கதவு வழியாக ஒவ்வொருவர் முகமாகப் பார்ப்பேன். யாருக்குச் சாப்பாடு இறங்கவில்லை, யாருக்குக் காய்ச்சல், யார் இந்த வாரம் வரவில்லை எல்லாம் எனக்குத் தெரியும். என் அளவுக்கு அங்கே வேறு யாரும் அக்கறையாகக் கேட்க மாட்டார்கள். முக்கியமாக வள்ளிக்கண்ணு அக்கா வீட்டுக்காரர். அவருக்கு முகம் ஒரு மாதிரி கறுத்துக்கொண்டே வந்தது. மூச்சு விடும்போது தோள் எழும்பி எழும்பி இறங்கும். போகும்போதெல்லாம் அவரைப் பற்றித்தான் முதலில் கேட்பேன். முதலில் வள்ளிக்கண்ணு அக்கா, "இந்தப் பிள்ளைக்கு எம்புட்டு பாசம் பாருங்க" என்று எல்லாரிடமும் சொல்வார். அப்புறம் ஒரு நாள், "என்ன தாயி, நெதமும் எங்க வீட்டு ஆளு மூஞ்சியவே பாக்குற, மாப்பிள்ள பாக்க வந்தவ மாதிரி?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவருக்குக் கேலிப் பேச்சு அதிகம்.

போன வாரம் கேட்டபோது, "நல்லாத்தான் இருக்காக. இன்னமும் இருப்பாக" என்றார். ரொம்ப சந்தோஷம் அக்கா என்றேன். அவர் பையை எடுத்துக்கொண்டு பெஞ்சின் அந்தக் கோடிக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். எனக்கு ஏதோ மாதிரி இருந்தது. பாவம், என்ன கவலையோ அவருக்கு.

ஒரு நிமிஷம் அக்கா. போன் அடிக்கிறது. பிலோமினா சிஸ்டர்.

"சொல்லுங்க சிஸ்டர்... ஆமா, பஸ்ல வந்துக்கிட்டிருக்கோம்... ஐயோ... எப்ப சிஸ்டர்?... ம்... ம்... சரி... அப்படியா... ம்... வேண்டாம் சிஸ்டர்... இல்ல சிஸ்டர், நான் என்ன சொன்னேன்னா... சிஸ்டர்? சிஸ்டர்?"

வைத்துவிட்டார்.

வள்ளிக்கண்ணு அக்கா வீட்டுக்காரர் போய்விட்டாராம். இன்றைக்குக் காலையில். மூச்சுத் திணறல் என்று தூக்கிக்கொண்டு வந்தார்களாம், மெஷினில் போடுவதற்குள் முடிந்துவிட்டதாம்.

காலியாயிருக்கு என்றார் சிஸ்டர். முறைப்படி உங்க அப்பாதான் என்றும் சொன்னார். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் புதிதாக ஒரு பிள்ளை வந்திருக்கிறதாம். பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை, அடுத்த மாதம் பரீட்சையாம். மதுரைக்கு அலைந்தால் பரீட்சை எழுத முடியாது என்று அதன் அம்மா அழுகிறாளாம். டாக்டர் அம்மா வரிசையை மாற்ற மாட்டேன் என்றுதான் சொன்னாராம். "நீ ஏற்கெனவே பெரிய மனசு பண்ணின பிள்ளை, அதான் உங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கச் சொன்னாங்க" என்றார் சிஸ்டர்.

வள்ளிக்கண்ணு அக்காவும் சொன்னாராம். உடம்பை வண்டியில் ஏற்றும்போது சிஸ்டர் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்த எடத்தை அந்தப் படிக்கிற பிள்ளைக்குக் குடுங்க சிஸ்டர். அரசிகிட்டக் கேளுங்க, அது குடுத்துரும்" என்றாராம். அந்த நேரத்தில்கூட என்னை நினைத்திருக்கிறார் பாருங்கள். எப்பேர்ப்பட்ட மனசு.

கடைசியில் சிஸ்டர் என்ன கேட்டார் தெரியுமா? "உங்க அப்பாவுக்கு இப்பவே வேணுமா, இல்ல அந்தப் பிள்ளைக்கே போட்டுரலாமா?" என்று கேட்டார். ஒரே மூச்சில் இரண்டு கேள்வி. போனில் தலையாட்டினால் தெரியாது என்று எனக்குத் தெரியும் அக்கா. அதனால் வாயைத் திறந்து சொன்னேன். நீங்கள் பக்கத்திலேயே இருந்து கேட்டீர்கள். வேண்டாம் என்று சொன்னேன். அந்தப் பிள்ளைக்குப் போட வேண்டாம் என்றுதான் சொன்னேன். இரண்டாவது கேள்விக்குத்தான் பதில். அவர் அதை முதல் கேள்விக்கு எடுத்துக்கொண்டார். "எனக்குத் தெரியும்மா உன் மனசு, ஆண்டவர் உன்னை ஆசீர்வதிப்பார்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

உங்களுக்குக் கேட்டதா இல்லையா? நான் வேண்டாம் என்றேனா இல்லையா?

நீங்கள் சொல்வது சரிதான். திரும்பப் போட்டுப் பேசத்தான் வேண்டும். என்ன சொல்வது? "எங்க அப்பாவுக்கு வேணும்" என்றா? அப்படியே சொல்லவா? சரி. இருங்கள், போடுகிறேன். மணி அடிக்கிறது.

"சிஸ்டர், நான் அரசி பேசுறேன்... இல்ல, அது வந்து... எங்க அப்பாவுக்கு... அப்படியா?... போட்டாச்சா... ம்... இல்ல, ஒண்ணுமில்ல சிஸ்டர். சும்மாதான். அழ வேணாம்னு சொல்லுங்க... சரி. வச்சிர்றேன்."

அந்தப் பிள்ளையை முன்பே தயாராகப் படுக்க வைத்துவிட்டுத்தான் என்னிடம் கேட்டார்களாம், இப்போது மெஷினில் போட்டாகிவிட்டதாம். ஊசி குத்தி, ரத்தம் ஓட ஆரம்பித்துவிட்டதாம். அதன் அம்மா பக்கத்திலேயே அழுதுகொண்டு நிற்கிறாள், என்னிடம் பேச வேண்டுமென்று போனைக் கேட்கிறாள் என்றார். ஓடுகிற மெஷினை நிறுத்தி, ஒரு பிள்ளையை எழுப்பி வெளியே அனுப்புங்கள் என்று நான் எப்படிச் சொல்வேன்? நீங்கள் சொல்வீர்களா? முகத்தைத் திருப்பிக்கொள்ளாதீர்கள் அக்கா. நிஜமாகக் கேட்கிறேன்.

அப்பா? என்னப்பா, முழிச்சிட்டீங்களா? தண்ணி வேணுமா? ஊர் இன்னும் வரலப்பா. படுங்க. போனா? சிஸ்டர்தான். ஒண்ணுமில்ல, சும்மா.

அக்கா, அவர் கேட்டதைக் கேட்டீர்களா? கண்ணைத் திறக்காமலே கேட்கிறார். "அப்ப அன்னைக்கு நீயாக் குடுக்கலையா அரசி?" என்கிறார். எவ்வளவு நேரமாக விழித்துக்கொண்டிருக்கிறார் என்று தெரியவில்லை. மதுரையிலிருந்தே தூங்கவில்லையோ என்னவோ.

பாருங்கள், இப்போது கண்ணைத் திறந்து என்னையே பார்க்கிறார். எனக்கு வாய் வரவில்லை.

நீங்கள் சொல்லுங்களேன். எங்கள் ஊர் வருவதற்குள் சொல்லிவிடுங்கள். அவளாகத்தான் குடுத்தா என்று சொல்லுங்கள், ஒரே ஒரு வார்த்தை. உங்களுக்கு நல்ல சத்தமான குரல் அக்கா. நீங்கள் சொன்னால் அவருக்குக் கேட்கும்.